நெய் பிஸ்கட் தொடர்பாக

வனஸ்பதி என்ற பெயரில் விற்கப்படும் எந்தக் கொழுப்பிலும் நூற்றுக்கு ஐந்து பங்குக்குக் குறையாமல் நல்லெண்ணெய் கலந்திருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து உணவுக் கலப்படத் தடை விதிகளில் ஒன்று. ருசிக்காகவோ உடம்புக்காகவோ வைத்த விதி அல்ல அது. நெய்யில் யாராவது வனஸ்பதியைக் கலந்தால் உள்ளே இருக்கும் நல்லெண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும். அமிலத்தையும் துளி சர்க்கரையையும் சேர்த்துக் குலுக்கினால் கண்ணாடிக் குழாயின் அடியில் ரோஸ் நிறம் இறங்கும். அதாவது ஒவ்வொரு வனஸ்பதி டின்னுக்குள்ளும் அரசாங்கம் ஓர் ஒற்றனைக் குடிவைத்திருந்தது. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. வாங்கும் பொருளின் மேல் சந்தேகம் இருந்தால், விற்பவரிடம் அதை அப்போதே தெரிவித்துவிட்டு, கட்டணம் கட்டி, அரசுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பி அறிக்கை பெறும் உரிமை சாதாரண மனிதருக்கும் இருந்தது. எங்கள் வீட்டு விவகாரத்தில் முதல் விதியைப் பிடித்துக்கொண்டார்கள், அதுவும் பாதியாக. இரண்டாவதை யாரும் சீந்தவில்லை.

விதிகளை ஓரமாக வைத்துவிட்டு மேலண்ணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வழக்கு தொடங்கியது அங்கேதான். வனஸ்பதியில் செய்த பலகாரத்தைத் தின்று முடித்தபின் வாயின் மேல்பக்கம் மெழுகு தேய்த்தாற்போல் ஒரு படலம் தங்கும். நாக்கால் எத்தனை துழாவினாலும் போகாது, சூடான டீ உள்ளே இறங்கினால்தான் கரையும். நெய் அப்படி நிற்பதில்லை, வாய்ச் சூட்டுக்கே உருகி ஓடிவிடும். பொள்ளாச்சியில் பேக்கரி வைத்திருந்தவரின் மகளான எனக்கு இந்த வித்தியாசம் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு முன்பே தெரியும். எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். விசேஷ வீட்டுப் பந்தியில் இனிப்பை வாயில் போட்டதும் நாக்கு மேலே போய்த் தடவிப் பார்த்துவிட்டு வரும். தீர்ப்பு ஒரே சொல்தான்: 'ஒட்டுது'. அதையும் விருந்து வைத்தவர் காதில் விழாமல், பக்கத்து இலைக்கு மட்டும் கேட்கும்படி சொல்வார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் இருந்தது. முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் விறகு அடுப்பு. பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த வேலப்பன் மாஸ்டர் அந்த அடுப்பைப் 'போர்மா' என்பார், ஆகவே எங்களுக்கும் அது போர்மாதான். சந்தைக்கு மாடு ஓட்டி வந்தவர்கள், விற்றாலும் சரி, விற்காமல் திருப்பி ஓட்டிப்போனாலும் சரி, வீட்டுக்கு ஒரு பொட்டலம் வாங்காமல் போகமாட்டார்கள். பப்ஸ், வர்க்கி, தேங்காய் பன் எல்லாம் உண்டென்றாலும் அப்பா தன் பெயரை வைத்திருந்தது நெய் பிஸ்கட்டின் மேல். ஊத்துக்குளி வெண்ணெயை வாங்கி, கடைக்குப் பின்னாலேயே முருங்கை இலை போட்டு உருக்கி, அந்த நெய்யில் பிசைந்து செய்தது. ஜாடியின் மேல் 'சுத்தமான நெய் பிஸ்கட்' என்று தன் கையாலேயே பெயின்ட்டில் எழுதியிருந்தார். ஒரு கோப்பில் யாராவது 'உண்மையாகவே' என்று எழுதியிருந்தால் பின்னாளில் அரசு வேலையில் எனக்கு உடனே சந்தேகம் வரும். அந்த ஜாடியைப் பார்த்து ஊருக்கும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துச் சந்தேகத்தை வெளியூர்க்காரர்கள் கண்டுபிடிப்பது கஷ்டம். அது அத்தனை 'ங்க' போட்டு வரும். "ஏனுங்க, இது நெய்யிலதானுங்களே போட்டது?" என்று கேட்பவரின் குரலில் மரியாதை ஒரு குன்றிமணிகூடக் குறைந்திருக்காது, நம்பிக்கைதான் அந்த இடத்தில் இருக்காது. அப்பாவும் அதே மரியாதையோடு "ஆமாங்க, நெய்யேதானுங்க" என்பார். வாங்குகிறவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். நாக்கு மேலே போயிருக்கிறது என்று அர்த்தம். பிறகு பொட்டலம் கட்டச் சொல்வார்.

அப்பாவுக்கு எதிராக ஒரே ஒரு தடயம் இருந்தது, அதை அவரே பின்கட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருந்தார். பப்ஸுக்கும் வர்க்கிக்கும் வனஸ்பதிதான். அந்தப் பெரிய டின்களின் மேல் ஆங்கிலத்தில் 'பேக்கரி ஷார்ட்டனிங்' என்று அச்சிட்டிருந்தது. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த அம்மா, அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டாள். எனக்கு அந்தச் சொல் வேறு இடங்களில்தான் பழக்கம். மகாலிங்கபுரத்துத் தையல்காரர் அக்காவின் பாவாடையை எனக்குக் குறுக்கித் தருவதை எங்கள் தையல் டீச்சர் அப்படிச் சொல்வார்; இங்கிலீஷ் டீச்சர் இரண்டு சொல்லைச் சேர்த்து நடுவில் ஒரு புள்ளியை மேலே தொங்கவிடுவதற்கும் அதையே சொல்வார். அகராதியைப் பார்த்தேன். குறுக்குதல், சுருக்குதல், நீளத்தைக் குறைத்தல் என்று போட்டிருந்தது. அம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன்.

"எதைக் குறைக்கறாங்களாமா? அளவையா, ஆயுசையா?" என்றாள்.

மாஸ்டரைக் கேட்டதற்கு, கொழுப்பு சேர்த்தால் மாவில் நார் நீளமாக ஓடாது, அங்கங்கே அறுந்துவிடும், அதனால்தான் கடித்ததும் உதிர்கிறது என்றார். சேர்க்காவிட்டால் அது பிஸ்கட் இல்லை, செருப்பு என்றும் சொன்னார். நெய்யும் அதே வேலையைத்தான் செய்கிறது, அதுவும் ஒரு ஷார்ட்டனிங்தான் என்று அவர் சொன்ன கடைசி வாக்கியம் மட்டும் அம்மாவின் மனதில் வேறு மாதிரி பதிந்துவிட்டது. இரண்டும் ஒரே வேலையைச் செய்யுமென்றால், விலை குறைந்ததை விட்டுவிட்டு விலை கூடினதை எந்த வியாபாரி போடுவான் என்று அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் அப்பாவைப் பார்த்தே கேட்டாள். அப்பா ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு, இந்த வியாபாரி போடுவான் என்றார்.

அம்மாவின் சந்தேகம் ஆள் பார்த்து வருவதில்லை. பால்காரர், மின்சார மீட்டர், பஸ் கண்டக்டர், என்னுடைய கணக்கு டீச்சர், எல்லோரும் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள் என்பதே அவள் முடிவு. ஆனாலும் கடை வேலையில் ஒரு குறை வைக்கமாட்டாள். சனிக்கிழமை போர்மா அணைந்திருக்கும். எங்கள் வீடுகளில் ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல் நாளும் அதுதான். அப்பா தலையில் எண்ணெய் வழிய வாசலில் உட்கார்ந்திருக்க, அம்மா அதே செக்கு நல்லெண்ணெய் டின்னோடு கடைக்குப் போய், பிஸ்கட் சுடும் தகரத் தட்டங்களை எல்லாம் அடுக்கிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் துணியால் எண்ணெய் தடவுவாள். தடவாமல் வைத்திருந்தால் துருவேறிவிடும். வீட்டில் தோசைக்கல்லுக்கும் முறுக்கு உழக்குக்கும் செய்வதைத்தான் அங்கேயும் செய்தாள். இதில் யாருக்கும், அம்மாவுக்கே கூட, எந்தச் சந்தேகமும் எழவில்லை.

அந்த வருடம் கிணத்துக்கடவில் ஒரு காதுகுத்து. அப்பா ஒரு டின் நிறைய நெய் பிஸ்கட் கொடுத்தனுப்பியிருந்தார். அம்மாவின் அண்ணன், கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகம் பார்த்துக்கொண்டிருந்த என் மாமா, அதில் ஒன்றை எடுத்துத் தின்றார். அவருக்கு எங்கள் சொந்தத்தில் ஒரு தனி இடம் உண்டு. நிலத்துத் தகராறு முதல் மாப்பிள்ளையின் குணம் வரை எதற்கும் அவரிடம் ஒரு அபிப்பிராயம் கேட்பார்கள், கேட்டபின் அதற்கு மேல் பேசமாட்டார்கள். அவர் அன்று தின்றுவிட்டுச் சும்மா இருந்தார். இரண்டாவது ஒன்றையும் எடுத்துத் தின்றார். பிறகு பக்கத்திலிருந்த பெரியப்பாவிடம் மெதுவாக, "ஒட்டற மாதிரி இருக்குதுங்களே" என்றார். அது போதும். பந்தி முடிவதற்குள் டின்னிலிருந்த பிஸ்கட்டை எடுக்க வந்த கைகள் குறைந்துவிட்டன. அவர் சரியாகத்தான் ருசித்தாரா, அதற்குச் சற்று முன் தின்ற அல்வாவின் படலத்தை நாக்கு தொட்டதா என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு துணிப்பை, அதில் கண்ணாடிக் குழாய்கள், அமிலப் பாட்டில், ஈதர் பாட்டில். கூடவே இரண்டு பெரியப்பாக்கள், பார்வையாளர்களாக. அப்பா கடையில் இருந்தார். அவர் வரட்டும் என்று அம்மா சொன்னாள். அவர் வருவதற்குள் முடித்துவிடலாம், தெளிந்துவிட்டால் அவருக்கும் நிம்மதிதானே என்று மாமா சொன்னார். பிஸ்கட்டைக் காகிதத்தில் வைத்துப் பொடித்து, ஈதரில் ஊறவைத்து வடித்து, அது ஆவியாகிப் போகும்வரை ஜன்னலோரம் வைத்தார். காத்திருந்த நேரத்தில் பெரியப்பாக்களுக்கு விதியை விளக்கினார். அமிலம் வனஸ்பதியைக் கண்டுபிடிப்பதில்லை, அதற்குள் சட்டப்படி கலந்திருக்கும் நல்லெண்ணெயைத்தான் கண்டுபிடிக்கும் என்று அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அம்மாவும் கேட்டாள். அவர் நல்ல ஆசிரியர், புரியும்படிதான் சொன்னார்.

மிஞ்சிய கொழுப்பில் அமிலத்தை ஊற்றி, சமையலறைச் சர்க்கரையைக் கிள்ளிப் போட்டுக் குழாயைக் குலுக்கி நிமிர்த்திப் பிடித்தார். அடியில் ரோஸ் நிறம் வந்தது. வெள்ளை வேட்டிக்கு முன்னால் பிடித்துக் காட்டியதால் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது. நெய்யை மட்டும் தனியாக ஒரு குழாயில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது இந்தச் சோதனைக்கு முதல் படி. அதை அவர் தன் மாணவர்களுக்கு நாள்தோறும் சொல்லிக்கொடுத்தவர். மைத்துனர் வீட்டுக் கூடத்தில் அது தேவைப்படவில்லை.

அப்பா சாப்பாட்டுக்கு வந்தபோது குழாய் இன்னும் ஜன்னலில் சாய்ந்திருந்தது.

"மாப்ள, தப்பா நெனைக்காதீங்க," என்றார் மாமா. "நாஞ் சொல்லலீங்க. ஆசிட்டு சொல்லுது."

அப்பா குழாயைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெய்தானுங்க மச்சான்," என்றார். மாமாவுக்குத் தன் கையாலேயே பரிமாறி, பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

மறுநாள் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். மாஸ்டரிடம் நெய் பிஸ்கட்டை நிறுத்தச் சொன்னார். சொந்தத்தில் செய்தி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே பல்லடம் வரை போயிருந்தது. அம்மா அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள், பேச்சு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. தன் அண்ணனுக்கு முன்னால் தன் புருஷன் பொய்யனாக நின்றதை அவளால் தாங்க முடியவில்லை. அவள் அவரை நம்பவில்லை என்பது அப்பாவுக்குத் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில்தானே இருந்தோம். மாஸ்டர் மேல் சந்தேகத்தைத் திருப்பிவிட அவருக்கு வசதியாகத்தான் இருந்தது. பெரியப்பா ஒருவர் அந்த வழியைக் காட்டவும் செய்தார். அப்பா அதற்கு இசையவில்லை. தன் பின்கட்டில் நடப்பது தனக்குத் தெரியும் என்றார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா வழக்கம்போல எண்ணெய் டின்னோடு கடைக்குப் போனாள், நானும் போனேன். தட்டங்களை அடுக்கிவைத்து, துணியை எண்ணெயில் தோய்த்து, முதல் தட்டத்தைத் தடவ ஆரம்பித்தவள் பாதியில் கையை எடுத்தாள். துணியை மோந்து பார்த்தாள். தட்டத்தில் விரலை இழுத்து, விரலையும் மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் நான் எதையோ உடைத்துவிட்டேனோ என்றுதான் முதலில் பயந்தேன். எண்ணெய்த் துணியைக் கையில் பிடித்தபடியே தெருவில் நடந்து வீட்டுக்கு வந்தாள். அப்பா தலையில் எண்ணெயோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க," என்றாள். ஒரு வாரத்தில் அதுதான் முதல் சொல். "தட்டத்துக்கு நல்லெண்ணெய் தடவறது நானுங்க."

அப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது, ஏனென்றால் விதியை விளக்கும்போது அவர் வீட்டில் இல்லை. அம்மா அண்ணன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். காதோரம் வழிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, "அத எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? நெய்யின்னு எனக்குத் தெரியும். உங்கண்ணங்கிட்டச் சொல்லு" என்றார்.

அன்று மத்தியானமே தட்டங்களைச் சீயக்காய் போட்டு வெந்நீரில் தேய்த்துக் கழுவினார்கள். எண்ணெய்க் குளியல் முடிந்தவருக்கும் தட்டங்களுக்கும் ஒரே சீயக்காய். மறுநாள் அடுப்பு மூட்டி, தட்டத்தில் நெய்யைத் தவிர வேறெதுவும் படாமல் அப்பாவே பக்கத்தில் நின்று ஒரு ஈடு பிஸ்கட் சுடவைத்தார். ஆறியதும் ஒரு பொட்டலம் கட்டி அம்மாவிடம் கொடுத்தார். இதையும் ஒருதரம் பார்த்துச் சொல்லச் சொல்லு, அதுவரை ஜாடியை நிமிர்த்துவதில்லை என்றார். சட்டப்படி பார்த்தால் இது மேல்முறையீடு, அதுவும் தீர்ப்புச் சொன்னவரிடமே.

நானும் அம்மாவும் கோயமுத்தூர் போனோம். பஸ்ஸில் பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சிங்காநல்லூரில் மாமா வீட்டில் காபி வந்தது, குடித்தோம். அம்மா தட்டத்துக் கதையைச் சொன்னாள். மாமா குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு, அத்தனை அன்பாகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்:

"அம்மணி, இப்படிச் சொல்லச் சொல்லி மாப்ள சொல்லிவுட்டாருங்களா?"

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். ஊரில் ஒருவரை விடாமல் சந்தேகப்பட்டவள் அவள். தன்னை ஒருவர் சந்தேகப்படுவது எப்படி இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரிந்திருக்காது. "நானே தடவுனனுங்க அண்ணா" என்று மட்டும் சொன்னாள், பொட்டலத்தை மேசையில் வைத்தாள். மாமா அதை எடுத்து அலமாரியின் மேல் வைத்தார். பாத்துட்டுச் சொல்றேன் என்றார். திரும்பி வரும்போது கிணத்துக்கடவு தாண்டும்வரை அம்மா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள்.

பதில் வரவில்லை. அப்பா முதலில் வாரக் கணக்கில் காத்திருந்தார், பிறகு எந்தக் கணக்கும் இல்லாமல் காத்திருந்தார். நெய் பிஸ்கட்டை நிறுத்தியதையே ஊர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டது. தப்பில்லை என்றால் ஏன் நிறுத்தினார் என்ற கேள்விக்கு மரியாதைக்கார ஊரில் நேரடியாகப் பதில் சொல்லும் வாய்ப்பே கிடைக்காது, ஏனென்றால் யாரும் அதை நேரடியாகக் கேட்கமாட்டார்கள். அம்மா மீண்டும் போடச் சொல்லிக் கெஞ்சினாள். தன் மேல் பழி வந்தாலும் பரவாயில்லை, தட்டத்துக் கதையை ஜாடியில் எழுதி ஒட்டிவிடலாம் என்றுகூடச் சொன்னாள். சொன்னவர்தான் வந்து மாற்றிச் சொல்ல வேண்டும் என்பதில் அப்பா அசையவில்லை.

அதற்காக இரண்டு குடும்பமும் முறைத்துக்கொண்டது என்று நினைத்துவிட வேண்டாம். மாமா வந்தார், போனார். கல்யாணங்களில் அப்பாவும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆழியாறு அணைத் தண்ணீரையும் தேங்காய் விலையையும் பேசினார்கள். "சாப்பிட்டீங்களா மச்சான்," "ஆச்சுங்க மாப்ள." அந்த ஒரு கேள்வியை அப்பா கேட்கவில்லை. ஒருவர் சொல்கிறேன் என்று சொன்னபின் அதை ஞாபகப்படுத்துவது அவரை நம்பவில்லை என்று சொல்வதாகும், அது அவமரியாதை. எங்கள் மக்களின் இந்தப் பெருந்தன்மையால் எத்தனை விஷயங்கள் முடியாமலே போயிருக்கின்றன என்பதை யாராவது ஆராய்ந்து எழுதலாம். மாமா அப்பாவைச் சந்தேகப்பட்டார், அம்மா மாமாவைச் சந்தேகப்பட்டாள், நான் அலமாரிமேல் இருந்த பொட்டலத்தைச் சந்தேகப்பட்டேன். அவர் அதைப் பிரித்தாரா, எறும்புக்குப் போட்டாரா, அத்தை குப்பையில் கொட்டினாளா என்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்.

பிறகு நான் அரசு வேலைக்குப் போனேன். கோப்புகளின் குணத்தைக் கற்றுக்கொண்டு, போதும் என்று தோன்றியபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பொள்ளாச்சிக்கே திரும்பிவிட்டேன். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். போர்மாவை இடித்தபோது அந்தக் கரி படிந்த செங்கலை எடுத்துக்கொள்ளக்கூட ஆள் வரவில்லை. வேலப்பன் மாஸ்டர் ஊருக்குப் போனவர் போனவர்தான். அந்தப் பழைய கலப்படச் சட்டமே இன்று இல்லை, அந்த இடத்தில் வேறு சட்டம் உட்கார்ந்திருக்கிறது. விசேஷ வீட்டில் நாக்கு மேலண்ணத்தைத் தடவிப் பார்க்கும் வழக்கமும் போய்விட்டது. எல்லாமே ஒட்டுவதால் யாரும் கவனிப்பதில்லை. அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அந்தப் பொட்டலத்தை வைத்துவிட்டு வந்தபின் கடைசிவரை அவள் அண்ணன் வீட்டில் காபி குடித்ததில்லை, தண்ணீர்தான் வாங்கிக் குடிப்பாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அதுவும் மரியாதைதான்.

இந்த வருடம் சித்திரையில் மாமாவைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மட்டும் கொஞ்சம் மந்தம். அலுவலகத்தில் நான் எழுதாத நினைவூட்டுக் கடிதம் கிடையாது. இதற்கு மட்டும் ஒன்றுகூடப் போட்டதில்லையே என்று தோன்ற, நேராகவே கேட்டுவிட்டேன். அந்தப் பொட்டலம் என்னங்க மாமா ஆச்சு என்றேன். அவர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்கவில்லையோ என்று இன்னொருமுறை சத்தமாகக் கேட்டேன். கேட்டதாகத்தான் தெரிந்தது. வெயில் ஜாஸ்தியாயிருச்சு, பாத்துப் போ கண்ணு என்றார்.

ஆனி மாதத்தில் ஒருநாள் அவரே போன் செய்தார்.

"நீ கேட்டியே கண்ணு. நீங்க வந்துட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலமே பாத்துட்டேன். கலர் வரலை."

"அப்பறம் ஏனுங்க மாமா சொல்லலை?"

போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றும் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கெழம நேருல வந்து சொல்லிப்போடலாம்னு இருந்தேன். அந்த ஞாயித்துக்கெழம பஸ்ஸு கெடைக்கலை, வர முடியலை. அடுத்த வாரம் சொன்னா, ஏன் போன வாரமே சொல்லலைன்னு தோணுமில்ல? ஒரு மாசங் கழிச்சுச் சொன்னா, ஏன் ஒரு மாசம்னு தோணும். அப்பறம் அப்படியே போச்சு கண்ணு. உங்கம்மாகிட்டக் கேட்ட கேள்வி வேற இருந்துச்சு."

அவர் மேல் எனக்கு வந்திருக்க வேண்டிய கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது, ஏனென்றால் இந்த நோய் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கோப்பு சில நாள் தாமதமானால் தாமதத்துக்கு விளக்கம் எழுத வேண்டும்; விளக்கம் எழுதக் கூச்சப்பட்டு இன்னும் சில நாள் தாமதமாகும்; கடைசியில் விளக்கத்துக்குப் பயந்தே அது அலமாரிக்குப் பின்னால் போய்ச் சேரும். ஒரு மனிதரின் நேர்மையும் அவர் மனைவியின் வாக்கும் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடைக்காமல் அலமாரிமேல் தங்கிவிட்டன. ஏதோ ஒரு பஸ் இருந்திருக்கும் என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

அப்பா உள்ளே கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். கலர் வரலையாமுங்கப்பா, அன்னிக்கே பாத்துட்டாருங்களாமா என்றேன். அவர் நிமிரக்கூட இல்லை.

"கலர் வராதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "டெஸ்டுக்கு ஒண்ணு போதுமே, பொட்டலம் நெறைய வெச்சுவுட்டேன். மீதியத் தின்னாரான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. அது ஒரு கேள்வியாக எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பப் போன் செய்தால் அத்தை எடுத்து, அவர் தூங்குகிறார் என்றாள். மறுநாளும் தூங்குகிறார் என்றாள். அப்பா தினமும் சாயங்காலம் என் முகத்தை ஒருதரம் பார்ப்பார், கேட்கமாட்டார். நான் இந்த முறை நினைவூட்டுவதை விடவில்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடித்தேன், அவமரியாதை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று. ஒரு மத்தியானம் அத்தை போனை அவர் காதில் வைத்தாள். அப்பா கேட்டதை அப்படியே கேட்டேன், அப்பாவும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டு அவர் பக்கம் நீட்டினேன்.

"தின்னேன்," என்றார் மாமா. "அத்தைக்குக்கூட ஒண்ணு குடுக்கலை. நல்லா இருந்துச்சுங்க மாப்ள."

அப்பா போனின் பக்கம் குனிந்தார். பிறகு, "சரீங்க மச்சான்" என்றார்.

பதில் வந்து சேர்ந்த நாள்: ஆடி பதினெட்டு.